பாக்கெட்டில் 80 டாலர்... கையில் ஒரு பென்சில்! குடும்பத்துக்காக ஜெனரல் கிராண்ட் நடத்திய கடைசிப் போர்

அமெரிக்காவின் 50 டாலர் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் குட்டைத் தாடியோடு, சிரிப்பே இல்லாமல் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். பெயர் யுலிஸிஸ் எஸ். கிராண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரை வடக்கு மாநிலங்களுக்கு ஜெயித்துக் கொடுத்த தளபதி. இரண்டு முறை அந்த நாட்டின் அதிபர்.

இன்று நோட்டில் முகமாக இருக்கும் இதே மனிதர், 1884 மே 6-ம் தேதி சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியபோது கையில் இருந்த மொத்தப் பணம் 80 டாலர். மனைவி ஜூலியாவிடம் 130 டாலர். அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது 62. இடுப்பில் அடிபட்டு ஊன்றுகோலில் நடந்துகொண்டிருந்தார். இன்னும் சில மாதங்களில் தொண்டையில் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லப்போகிறார்கள் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அன்றிலிருந்து அவர் உயிரோடு இருந்தது 443 நாள்கள். அந்த நாள்களில் அவர் செய்த காரியம்தான் இந்தக் கதை. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அவர் எப்படிப்பட்ட குடும்பஸ்தர் என்று பார்த்துவிட்டு வரலாம்.

குதிரையை அடக்கத் தெரிந்த பையன்

1822 ஏப்ரல் 27. ஒஹையோ மாநிலத்தில் பாயின்ட் பிளசன்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸிக்குத் தோல் பதனிடும் தொழில். அந்த நாற்றமும் ரத்தமும் பையனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிடித்தது குதிரைகள்தான். யாராலும் அடக்க முடியாத குதிரையையும் பொறுமையாகப் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவான்.

அப்பா பார்த்தார்... பையனை வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே விண்ணப்பத்தில் பெயரே தப்பாகப் பதிவானது. ஹைரம் யுலிஸிஸ் என்ற பெயர் யுலிஸிஸ் எஸ். ஆகிவிட்டது. திருத்தப் பார்த்தார், நடக்கவில்லை. அதே பெயரோடு வாழ்நாளை ஓட்டிவிட்டார். படிப்பிலும் பெரிய புலி கிடையாது. 1843-ல் 39 பேர் தேறிய வகுப்பில் 21-வது இடம்.

கல்லூரியில் அவருடைய அறைத் தோழன் ஃப்ரெட் டென்ட். அவனுடைய வீடு செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில். அங்கே போய் வந்தபோதுதான் தோழனின் தங்கை ஜூலியாவைச் சந்தித்தார். இரண்டு பேருமே குதிரைச் சவாரிப் பைத்தியம். 1844-ல் கல்யாணம் செய்துகொள்வதாக ரகசியமாகப் பேசி முடித்துக்கொண்டார்கள். ஆனால், மெக்ஸிகோ போர் குறுக்கே வந்தது. நான்கு வருடங்கள் பெரும்பாலும் கடிதங்கள்தான். 1848 ஆகஸ்ட் 22-ல் ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது.

அதிலும் ஒரு சிக்கல். ஜூலியாவின் அப்பா அடிமைகளை வைத்திருந்த பண்ணைக்காரர். கிராண்டின் அப்பாவோ அடிமை முறையை அடியோடு வெறுத்தவர். அந்தக் கோபத்தில் மகன் கல்யாணத்துக்கே வரவில்லை.

ஜூலியாவுக்கு ஒரு கண் கொஞ்சம் மாறுகண். பின்னாளில் கணவர் நாடறிந்த தளபதியானதும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிற்கவேண்டியிருக்கிறதே என்று ஆபரேஷன் செய்துகொள்ள நினைத்தார். கிராண்ட் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தக் கண்களைப் பார்த்துத்தான் காதலித்தேன், அவை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஜூலியா தன் நினைவுக்குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

குழந்தை முகம் பார்க்காத அப்பா

1852-ல் கிராண்டின் படைப்பிரிவைப் பசிபிக் கடற்கரைக்கு மாற்றினார்கள். பனாமா வழியாகப் போகவேண்டும். வழியெல்லாம் காலரா. ஜூலியா இரண்டாவது குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். அழைத்துப்போக வழியில்லை. கிராண்ட் தனியாகக் கிளம்பினார்.

அங்கே சம்பளம் போதவில்லை, குடும்பத்தை வரவழைக்கவும் முடியவில்லை. எப்படியாவது பணம் சேர்த்துவிடலாம் என்று உருளைக்கிழங்கு பயிரிட்டார், ஐஸ் கட்டிகளைக் கப்பலில் ஏற்றி விற்கப் பார்த்தார். எல்லாமே ஊற்றிக்கொண்டது. கடிதங்களும் எப்போதாவதுதான் வந்தன. இரண்டாவது மகன் பிறந்து, நடக்கத் தொடங்கிவிட்டான். அப்பா இன்னும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் தனிமையில்தான் அவர் குடிக்க ஆரம்பித்தார் என்ற பேச்சு எழுந்து, வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை.

1854-ல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். நியூயார்க் வந்து சேர்ந்தபோது ஹோட்டல் பில் கட்டக்கூடக் காசில்லை. கல்லூரிக் கால நண்பர் சைமன் பக்னர்தான் அப்போது உதவினார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் ஏழு வருடங்கள் அடிமேல் அடி. மாமனார் கொடுத்த நிலத்தில் தானே மரம் வெட்டி ஒரு வீடு கட்டினார். விவசாயம் செய்தார். விறகு வெட்டி, வண்டியில் ஏற்றி, செயின்ட் லூயிஸ் தெருக்களில் விற்றார். பழைய ராணுவ அங்கியைப் போட்டுக்கொண்டு விறகு விற்ற அவரைப் பார்த்து முன்னாள் சகாக்களே திகைத்துப்போனார்களாம். 1857-ல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், தன் தங்கக் கடிகாரத்தை அடகுக்கடையில் 22 டாலருக்கு வைத்தார்.

அந்தக் காலத்தில் மாமனார் வழியாக வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமை அவர் வசம் வந்திருந்தார். விற்றால் குடும்பத்தின் கஷ்டம் கணிசமாகத் தீர்ந்திருக்கும். கையில் காசே இல்லாத 1859-ல், கிராண்ட் கோர்ட்டுக்குப் போய் ஒரு பைசா வாங்காமல் ஜோன்ஸை விடுதலை செய்தார். ஆனாலும், அடிமைகளின் உழைப்பில் ஓடிய மாமனாரின் பண்ணையை அண்டித்தான் அவர் குடும்பம் அதுவரை வாழ்ந்தது என்பதும் உண்மை.

1860-ல் வேறு வழியில்லாமல் அப்பாவின் தோல் கடையில் சேர்ந்தார். சின்ன வயதில் எதிலிருந்து தப்பித்து ஓடினாரோ, அதே தோல். வயது 38. நான்கு குழந்தைகள்: ஃப்ரெட், பக், நெல்லி, ஜெஸ்ஸி.

தோல் கடையிலிருந்து தலைமைத் தளபதி

1861-ல் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடிமை முறையை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்தன. வடக்குக்குப் பயிற்சி பெற்ற அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். தோல் கடை கிராண்ட் மறுபடியும் சீருடை போட்டார்.

1862 பிப்ரவரியில் டொனெல்சன் கோட்டையை வளைத்தார். நிபந்தனையே இல்லாமல் சரணடைய வேண்டும் என்று எதிரித் தளபதிக்குச் சொல்லி அனுப்பினார். சரணடைந்த அந்தத் தளபதி யார் தெரியுமா? ஹோட்டல் பில்லுக்கு உதவிய அதே சைமன் பக்னர்! வடக்கின் முதல் பெரிய வெற்றி இது. அந்தச் சண்டையில் கிராண்ட் வாயில் சுருட்டோடு இருந்தார் என்று பத்திரிகைகள் எழுத, நாடு முழுக்க இருந்து ரசிகர்கள் பெட்டி பெட்டியாகச் சுருட்டு அனுப்பினார்கள். அதுவரை பெரும்பாலும் பைப் பிடித்த மனுஷன், சுருட்டுக்கு மாறினார். அந்த அன்பளிப்புகளின் விலை பிறகுதான் தெரிந்தது.

1863 ஜூலை 4-ல் விக்ஸ்பர்க் விழுந்தது. சுமார் 30,000 எதிரி வீரர்கள் சரணடைந்தார்கள். அந்தப் படையெடுப்பில் அவருடைய மூத்த மகன், 12 வயதைத் தாண்டிய ஃப்ரெட்டும் அப்பாவோடு இருந்தான். காலில் குண்டடியும் பட்டான். முடிந்தபோதெல்லாம் ஜூலியாவும் குழந்தைகளும் முகாமுக்கே வந்து தங்குவார்கள். பசிபிக் கடற்கரைத் தனிமையை இன்னொரு முறை அனுபவிக்க அவர் தயாராக இல்லை.

அவர் தப்பே செய்யாதவர் இல்லை. 1862 டிசம்பரில், தன் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியிலிருந்து யூதர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதிபர் லிங்கன் அதை ரத்து செய்தார். 1864-ல் கோல்ட் ஹார்பரில் அவர் நடத்திய தாக்குதலில் ஆயிரக்கணக்கான வீரர்கள் வீழ்ந்தார்கள். இரண்டுக்காகவும் அவர் பின்னாளில் வருந்தினார்.

1865 ஏப்ரல் 9, அப்போமேட்டக்ஸ். தெற்கின் தளபதி ராபர்ட் ஈ. லீ பளபளக்கும் சீருடையில் வந்தார். கிராண்ட் வந்தது சேறு தெறித்த சாதாரணச் சிப்பாய் சட்டையில். தோற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம், உழவுக்கு உதவும் என்பதால் தங்கள் குதிரைகளையும் கொண்டுபோகலாம் என்று அனுமதி கொடுத்தார். பசியில் இருந்த எதிரி வீரர்களுக்குச் சாப்பாடும் அனுப்பினார்.

ஐந்து நாள்கள் கழித்து, ஏப்ரல் 14. லிங்கன் தம்பதி, நாடகம் பார்க்க வரும்படி கிராண்ட் தம்பதியை அழைத்தார்கள். போர் முடிந்துவிட்டது, பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று கிராண்டும் ஜூலியாவும் அதைத் தவிர்த்துவிட்டு நியூ ஜெர்ஸிக்கு ரயில் ஏறினார்கள். அன்றிரவு அந்தத் தியேட்டரில்தான் லிங்கன் சுடப்பட்டார்.

நம்பியதுதான் பலவீனம்

1869 முதல் 1877 வரை அதிபர். கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் 15-வது திருத்தம் அவர் காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. கூ க்ளக்ஸ் க்ளான் வெறியர்களைச் சட்டம் போட்டு, படை அனுப்பி ஒடுக்கினார். அதே சமயம், அவர் நம்பிப் பதவி கொடுத்த ஆட்கள் ஊழலில் மாட்டினார்கள். அவர் லஞ்சம் வாங்கவில்லை. ஆனால், வாங்கியவர்களை நல்லவர்கள் என்று கடைசிவரை நம்பினார். போர்க்களத்தில் எதிரியின் மனக்கணக்கைப் படித்த மனிதருக்கு, பக்கத்தில் நின்றவர்களைப் படிக்கத் தெரியவில்லை.

பதவி முடிந்ததும் ஜூலியாவோடு உலகம் சுற்றினார். 1879-ல் பம்பாயில் வந்து இறங்கி, தாஜ்மகாலையும் பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது பெரிய கேள்வி: இனி வருமானத்துக்கு என்ன வழி? அந்தக் காலத்தில் முன்னாள் அதிபருக்குப் பென்ஷன் கிடையாது. அதிபரானபோதே ராணுவப் பதவியையும் அதற்கான சலுகைகளையும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

அப்போது இரண்டாவது மகன் பக், ஃபெர்டினாண்ட் வார்டு என்ற இளைஞனோடு கூட்டுச் சேர்ந்து வால் ஸ்ட்ரீட்டில் ஒரு நிதி நிறுவனம் தொடங்கியிருந்தார். கிராண்ட் அண்ட் வார்டு. அப்பாவும் 1,00,000 டாலர் போட்டுப் பங்குதாரர் ஆனார். வார்டு செம கில்லாடி. வேறு எங்கேயும் கிடைக்காத லாபத்தை மாதாமாதம் கையில் கொடுத்தான். வால் ஸ்ட்ரீட்டே அவனை நெப்போலியன் என்று கொண்டாடியது. கிராண்டின் மகன்களும் உறவினர்களும் சேமிப்பையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். கிராண்ட் கணக்குப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தான் இப்போது கோடீஸ்வரன் என்றே நம்பினார்.

உண்மையில் அங்கே தொழிலே நடக்கவில்லை. ஒரே பத்திரங்களைப் பல இடங்களில் அடகு வைத்தும், புதிதாகப் பணம் போடுகிறவர்களிடம் வாங்கிப் பழைய ஆட்களுக்கு லாபம் என்று கொடுத்தும் ஓட்டிக்கொண்டிருந்தான் வார்டு. நம் ஊரில் அதிக வட்டி ஆசை காட்டி, திடீரென்று ஷட்டரை இழுத்து மூடும் நிதி நிறுவனங்களைப் பார்த்திருப்பீர்களே... அதே டெக்னிக்தான். கிராண்ட் என்ற பெயர்தான் அவனுக்கு விளம்பர போர்டு.

1884 மே 4, ஞாயிற்றுக்கிழமை. வார்டு வீட்டுக்கு வந்தான். நம் பணம் இருக்கும் மரைன் நேஷனல் வங்கி தள்ளாடுகிறது, ஒரே ஒரு நாளைக்கு 1,50,000 டாலர் புரட்டினால் காப்பாற்றிவிடலாம் என்றான். கிராண்ட் ஊன்றுகோலோடு கிளம்பிப்போய், பெரும் பணக்காரர் வில்லியம் வாண்டர்பில்ட்டிடம் கேட்டார். வங்கிக்காகத் தரமாட்டேன், உங்களுக்காகத் தருகிறேன் என்று வாண்டர்பில்ட் செக் எழுதிக் கொடுத்தார். அந்தப் பணமும் வார்டு கைக்குப் போய் மறைந்தது.

மே 6. ஆபீஸுக்குப் போன கிராண்டிடம், எல்லாம் போய்விட்டது என்று மகன் பக் சொன்னார். வங்கியும் திவால், நிறுவனமும் திவால்.

வாளை எடுத்துக் கொடுத்தார்

வாண்டர்பில்ட் அந்தக் கடனை மறந்துவிடத் தயாராகவே இருந்தார். ஏமாற்றியது வார்டு, கிராண்ட் அல்ல என்பது அவருக்கும் தெரியும். ஆனால், கிராண்டும் ஜூலியாவும் சம்மதிக்கவில்லை. சொத்துகள், போரில் கிடைத்த வாள்கள், பதக்கங்கள், உலகச் சுற்றுப்பயணத்தில் மன்னர்கள் கொடுத்த பரிசுகள் எல்லாவற்றையும் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த நினைவுச் சின்னங்களைப் பின்னால் வாண்டர்பில்ட் நாட்டுக்கே ஒப்படைக்க ஏற்பாடு செய்துவிட்டார்.

கடன் ஒரு பக்கம். தன் பெயரை நம்பிப் பணம் போட்டவர்கள் நஷ்டப்பட்டார்களே என்ற வேதனை இன்னொரு பக்கம். அவருக்காக நிதி திரட்ட நண்பர்கள் கிளம்பினார்கள். வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

செஞ்சுரி என்ற பத்திரிகை, போர் அனுபவங்களைக் கட்டுரையாக எழுதித் தரும்படி ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. கட்டுரைக்கு 500 டாலர். இப்போது ஒப்புக்கொண்டார். முதலில் எழுதிக் கொடுத்தது அலுவலக ரிப்போர்ட் மாதிரி வறட்சியாக இருந்தது. பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலிருந்து ஜான்சன் என்ற இளைஞர் வீட்டுக்கே வந்து பேச்சுக் கொடுத்தார். அப்போது கிராண்ட் சாதாரணமாகச் சொன்ன விஷயங்களெல்லாம் அவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தன. இதையே, இப்படியே எழுதுங்கள் என்றார் ஜான்சன். 62 வயதில், நாட்டையே ஆண்ட மனிதர், தன் மகன் வயதுக்காரர் சொன்னதைக் கேட்டுத் திருத்தி எழுதக் கற்றுக்கொண்டார்.

ஒரு பீச் பழம்

அதே 1884 கோடைக்காலம். பீச் பழம் ஒன்றைக் கடித்தவர் வலியில் துடித்துப்போனார். பழத்தில் ஏதோ பூச்சி கொட்டிவிட்டது என்று நினைத்தார். வலி போகவில்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, அக்டோபரில்தான் தொண்டை நிபுணரிடம் போனார். நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய். அன்பளிப்பாக வந்த சுருட்டுகள் வேலையைக் காட்டிவிட்டன.

அந்தக் காலத்தில் அதற்குச் சிகிச்சை என்று பெரிதாக எதுவும் இல்லை. வலி தெரியாமல் இருக்கத் தொண்டையில் கோகெய்ன் கரைசல் தடவுவார்கள், அவ்வளவுதான். தண்ணீர் விழுங்குவதே நரகம். ஆனால், அவருடைய கவலை வேறு. தான் போய்விட்டால் ஜூலியா என்ன செய்வார்? ஏமாந்து நிற்கும் பிள்ளைகளாலும் அம்மாவைத் தாங்கமுடியாது.

முழுப் புத்தகம் எழுதுவது என்று முடிவெடுத்தார். செஞ்சுரி 10 சதவிகித ராயல்டி தருவதாகச் சொன்னது. விஷயம் தெரிந்து ஓடி வந்தார் நண்பர் மார்க் ட்வைன். ஆமாம், டாம் சாயரை எழுதிய அதே மார்க் ட்வைன். அவர் அப்போது சொந்தமாகப் பதிப்பகம் நடத்திக்கொண்டிருந்தார். 10 சதவிகிதம் பகல் கொள்ளை, நான் நிகர லாபத்தில் 70 சதவிகிதம் தருகிறேன் என்றார். நாமாக இருந்தால் அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டிருப்போம். கிராண்ட் தயங்கினார். முதலில் கேட்டவர்களை விட்டுவிட்டுப் போவது நியாயமா என்று யோசித்தார். புத்தகம் எழுதும்படி பல வருடங்களுக்கு முன்பே கேட்டது நான்தானே என்று ட்வைன் ஞாபகப்படுத்திய பிறகுதான் மனம் மாறினார். 1885 பிப்ரவரி 27-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பென்சில் ஓடிய மலைவீடு

மார்ச் முடிவில் நிலைமை மோசமானது. நாட்டின் பத்திரிகைகள் எல்லாம் அவர் வீட்டு வாசலில் காத்துக்கிடந்தன. அன்றிரவு தாண்டாது என்றே டாக்டர்கள் நினைத்தார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார்! புத்தகம் பாதியில் நிற்கிறதே.

குரல் இருந்தவரை சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி எழுத வைத்தார். குரல் போனதும், மடியில் பலகையை வைத்துப் பென்சிலால் தானே எழுதினார். மகன் ஃப்ரெட் தேதிகளையும் பழைய ஆவணங்களையும் சரிபார்த்துக் கொடுத்தார். டாக்டரோடு பேசுவதுகூடத் துண்டுச் சீட்டில்தான். மருந்து அதிகமானால் வலி குறையும், ஆனால் மூளை மந்தமாகிவிடும். எழுதவேண்டிய பகுதி மிச்சம் இருக்கிறதே என்று வலியைத் தாங்கிக்கொண்டே பல நாள்களை ஓட்டினார்.

இதற்கு நடுவே, புத்தகத்தை எழுதுவது கிராண்டே இல்லை, அவருடைய முன்னாள் உதவியாளர் ஆடம் பேடோதான் என்று ஒரு பத்திரிகை கிளப்பிவிட்டது. அதிகப் பணமும் பங்கும் கேட்டுப் பேடோவும் கடிதம் அனுப்பினார். கிராண்ட் அவரோடு உறவை முறித்துக்கொண்டார். மருந்துக்குக்கூட எழுந்து நடக்க முடியாத நிலையிலும், இது என் புத்தகம் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜூன் 16-ல், வெயிலுக்குப் பயந்து, நியூயார்க் மாநிலத்தில் மவுன்ட் மெக்ரிகர் என்ற மலையில் இருந்த ஒரு வீட்டுக்குக் குடும்பத்தோடு அழைத்துப்போனார்கள். தலையில் தொப்பி, கழுத்தைச் சுற்றித் துணி, கால்களுக்குப் போர்வை என வராந்தா நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. சுற்றிலும் மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரக்குழந்தைகள். இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்ட மகள் நெல்லியும் வந்திருந்தார். ஒரு காலத்தில் சொந்தக் குழந்தையின் முகத்தை இரண்டு வருடம் பார்க்காமல் தவித்த மனிதரைச் சுற்றி, இப்போது மொத்தக் குடும்பமும் இருந்தது.

பழைய போர்வீரர்கள் மலையேறி வந்து, வராந்தாவைத் தூரத்திலிருந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுப் போனார்கள். ஜூலையில் ஒருநாள் எதிர்பாராத ஒரு விருந்தாளி. சைமன் பக்னர். பில்லுக்கு உதவியவர், கோட்டையில் சரணடைந்தவர், இப்போது சாகப்போகும் நண்பனைப் பார்க்கப் புது மனைவியோடு வந்திருந்தார். பேச முடியாத கிராண்ட், வடக்கும் தெற்கும் மறுபடி ஒன்றாக வாழ்வதைப் பார்த்துவிட்ட நிம்மதியைச் சீட்டில் எழுதிக் காட்டினார்.

ஜூலை மூன்றாவது வாரம் வேலை முடிந்தது. இரண்டு பெரிய பாகங்கள். பென்சிலைக் கீழே வைத்தார். ஜூலை 23 காலை 8 மணி தாண்டியதும் உயிர் பிரிந்தது. மகன் ஃப்ரெட் எழுந்துபோய் அறையின் கடிகாரத்தை நிறுத்தினார்.

ஜூலியாவுக்கு வந்த செக்

ஆகஸ்ட் 8-ல் நியூயார்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்துக்குச் சுமார் 15 லட்சம் பேர் திரண்டதாக மதிப்பிட்டார்கள். சவப்பெட்டிக்குத் துணையாக வந்தவர்களில் வடக்கின் தளபதிகள் ஷெர்மன், ஷெரிடனோடு, அவரிடம் தோற்ற தெற்கின் தளபதிகளும் இருந்தார்கள். பக்னரும் அதில் ஒருவர்.

புத்தகத்தைக் கடையில் வைத்து விற்கவில்லை. ட்வைனின் ஏஜென்டுகள் வீடு வீடாகப் போய் முன்பதிவு வாங்கினார்கள். அவர்களில் பலர் கிராண்டின் கீழ் போரிட்ட முன்னாள் வீரர்கள். 3 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1886 பிப்ரவரியில் ஜூலியாவின் கையில் 2,00,000 டாலர் செக் வந்து சேர்ந்தது. அதுவரை எந்த ராயல்டிக்கும் எழுதப்படாத பெரிய தொகை. பின்னால் வந்ததையும் சேர்த்தால் 4,00,000 டாலரைத் தாண்டியது. வார்டு அப்போது சிறையில் இருந்தான்.

புத்தகத்தில் அதிபர் பதவி பற்றிய பெருமை இல்லை. போர் முடிவதோடு அதுவும் முடிகிறது. கோல்ட் ஹார்பர் தாக்குதலைத் தவிர்த்திருக்க வேண்டும் என்று நேராகவே எழுதியிருக்கிறார். அலங்காரம் இல்லாத அந்த நடைக்காகவே, 140 வருடங்கள் தாண்டியும் அமெரிக்காவின் சிறந்த தன்வரலாறுகளில் ஒன்றாக அது படிக்கப்படுகிறது.

இறந்த பிறகு அவருடைய உடையில் ஜூலியாவுக்கு எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. ஜூன் கடைசியிலேயே எழுதி வைத்திருந்தார். தன்னை எங்கே அடக்கம் செய்யலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. தான் படித்த வெஸ்ட் பாயின்ட்தான் அவர் மனதுக்குப் பிடித்த இடம். ஆனால், அங்கே மனைவிக்கு இடம் கிடைக்காது என்று நினைத்தார். அதனால் அது வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும், பக்கத்தில் ஜூலியாவுக்கு இடம் இருக்கவேண்டும்.

நியூயார்க்கில், ஹட்சன் நதிக்கரையில் பெரிய நினைவிடம் கட்டி 1897-ல் திறந்தார்கள். ஜூலியா 1902 டிசம்பரில் காலமானார். அதுவரை அவருக்குப் பணக்கஷ்டம் வரவில்லை. இப்போது அந்த மண்டபத்துக்குப் போனால் ஒரே அளவில் இரண்டு கல்பேழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.